ஒரே குனிவு, வேறு வேறு காகிதம்: பின்லாந்தில் உக்ரைனியர்களும் தாய்லாந்துக்காரர்களும்

பின்லாந்தில் ஜூலை மாதம் பழம் பறிக்கும் காலம். நாட்டின் நடுப்பகுதியில் சுவோனென்யோக்கி என்ற ஊரைச் சுற்றி ஸ்ட்ராபெரித் தோட்டங்கள் நிறைய உண்டு. வடக்கே லாப்லாந்திலும் கைனு பகுதியிலும் யாரும் நடாத, யாரும் தண்ணீர் ஊற்றாத காட்டுப்பழங்கள் மைல் கணக்கில் பழுத்துக் கிடக்கும். 2022 வரை தோட்டத்தில் குனிந்து நின்றவர்களில் பெரும்பாலோர் உக்ரைனியர். காட்டில் குனிந்து நின்றவர்கள் தாய்லாந்துக்காரர்கள். இருவருக்கும் முதுகு வலி ஒன்றுதான், கொசுக்கடியும் ஒன்றுதான். ஆனால் பருவம் முடிந்து ஊர் திரும்பும்போது கையில் நின்ற பணமும், உடம்புக்கு முடியாமல் போனால் கிடைத்த உதவியும், நாளையைப் பற்றிய நினைப்பும் ஒன்றாக இல்லை.

குடியேறிய இரண்டு சமூகங்களின் வாழ்க்கை நலத்தை ஒப்பிடும் ஆய்வுகள் வழக்கமாக வருமானம், வேலை, கல்வி, மொழி, உடல்நலம் என்று தலைப்பு போட்டு எண்களை எதிரெதிரே வைக்கும். கடைசியில் ஒரு சமூகம் நன்றாகக் கலந்துவிட்டது, இன்னொன்று பின்தங்கிவிட்டது என்று முடிவு வரும். காரணம் கேட்டால் பண்பாடு, படிப்பு, உழைப்பு என்று பதில் வரும். பின்லாந்தின் கதையைக் கிட்டே போய்ப் பார்த்தால் அந்தப் பதில் நிற்பதில்லை. ஒருவர் எந்தக் காகிதத்தோடு, அதாவது எந்த விசா அல்லது அனுமதியோடு, உள்ளே வந்தார் என்பதே அவருடைய நலத்தில் பெரும்பங்கைத் தீர்மானிக்கிறது. இதை ஒரு கருத்தாக மட்டும் சொல்லவில்லை. 2022-இல் உக்ரைனியர்களுக்கும் 2024-இல் தாய்லாந்துக்காரர்களுக்கும் அந்தக் காகிதம் மாறியது. மாறியபோது என்ன நடந்தது என்று பார்க்க முடிகிறது.

யார் யாரை ஒப்பிடுகிறோம்

முதலில் ஒரு சிக்கலைத் தீர்த்துக்கொள்வோம். ‘தாய்லாந்துச் சமூகம்’ என்று ஒரே பெயரில் சொன்னாலும் பின்லாந்தில் இருப்பது இரண்டு தனித்தனிக் கூட்டம். ஒன்று, பின்லாந்துக்காரர்களைத் திருமணம் செய்துகொண்டு வந்து நிரந்தரமாகத் தங்கிவிட்டவர்கள். இவர்களில் மிகப் பெரும்பாலோர் பெண்கள். இரண்டாவது, கோடையில் மட்டும் இரண்டரை மூன்று மாதம் வந்து காட்டுப்பழம் பறித்துவிட்டுத் திரும்பிப் போகிறவர்கள். இவர்களில் பலர் தாய்லாந்தின் வடகிழக்கில் உள்ள ஈசான் பகுதி விவசாயிகள். அதிலும் சையாபூம் மாகாணத்திலிருந்து வந்தவர்கள் அதிகம். ஒரே கிராமத்தில் அப்பா, சித்தப்பா, மகன் என்று வரிசையாகப் போய் வந்த குடும்பங்கள் உண்டு.

உக்ரைனியர்களிலும் இரண்டு அடுக்கு. 2022 பிப்ரவரிக்கு முன்பு வந்தவர்களில் பெரும்பகுதி பருவகால விவசாயத் தொழிலாளர்கள். ஆண்டுக்குச் சுமார் 15,000 வெளிநாட்டுப் பருவகாலத் தொழிலாளர்களைப் பின்லாந்தின் பண்ணைகள் நம்பியிருந்தன. அதில் பெரும்பாலோர் உக்ரைனியரே. 2020 வசந்தத்தில் கொரோனாவால் எல்லைகள் மூடப்பட்டபோதும், பண்ணை வேலை நின்றுவிடக் கூடாது என்று முதல் கட்டமாக 1,500 பேரை உள்ளே விட அரசு முடிவெடுத்தது. அவர்கள் இல்லாமல் ஸ்ட்ராபெரி சந்தைக்கு வராது என்பது அவ்வளவு தெரிந்த விஷயம். ரஷ்யா உக்ரைன் மீது படையெடுத்த 2022 பிப்ரவரி 24-க்குப் பிறகு வந்தவர்கள் வேறு. குழந்தைகளோடு வந்த பெண்கள், வயதானவர்கள், பிறகு மெல்ல மெல்ல ஆண்களும். 18 முதல் 60 வயது வரையுள்ள ஆண்கள் பொதுவாக நாட்டை விட்டு வெளியேற உக்ரைன் தடை விதித்திருந்ததால் முதல் அலையில் பெண்களும் குழந்தைகளுமே நிறைந்திருந்தார்கள்.

ஆக, ஒப்பிட வேண்டியது நான்கு வாழ்க்கைகள். இரண்டு என்று எடுத்துக்கொண்டால் கணக்கு தப்பும்.

இதில் புள்ளிவிவரத்தின் ஒரு குழி இருக்கிறது. விழுந்தவர்களே அறியாமல் விழும் குழி. பின்லாந்தின் மக்கள்தொகைப் பதிவேட்டில் இருப்பவர்கள்தான் ஆய்வுகளின் எண்ணிக்கையில் வருவார்கள். 90 நாள் விசாவில் வந்து போன தாய்லாந்துப் பழம் பறிப்பவர் அதில் வரவே மாட்டார். ஆகவே ‘பின்லாந்தில் தாய்லாந்துக்காரர்களின் வருமானம்’ என்று அச்சாகும் எண், திருமணமாகி வந்த பெண்களின் வருமானமே. காட்டில் இருந்த சில ஆயிரம் பேர் அந்த எண்ணில் எங்குமே இல்லை. உக்ரைனியர்களுக்கோ இது வேறு மாதிரி. போருக்குத் தப்பி வந்தவர்களுக்கு ஐரோப்பிய ஒன்றியம் தரும் ‘தற்காலிகப் பாதுகாப்பில்’ வந்தவர் ஓராண்டு தங்கிய பிறகே ‘கோத்திகுந்தா’ எனப்படும் சொந்த நகராட்சிப் பதிவுக்கு விண்ணப்பிக்கலாம். அது கிடைத்த பிறகுதான் அவர் குடியிருப்பவராகக் கணக்கில் சேருவார். 2023 மார்ச்சிலிருந்து அந்த எண்ணிக்கை திடீரென்று ஏறியதற்கு இதுதான் காரணம். அந்த மாதம் புதிதாக ஆட்கள் வந்து குவிந்ததால் அல்ல. இரண்டு சமூகங்களின் வேலைவாய்ப்பு விகிதத்தைப் பக்கத்தில் பக்கத்தில் வைக்கும்போது கீழே வகுக்கும் எண்ணில் யார் யார் இருக்கிறார்கள் என்று பார்க்காவிட்டால், ஒரு அலுவலகத்தின் பதிவு முறையைத்தான் நாம் அளந்துகொண்டிருப்போம்.

காட்டில் ஒரு நாள்

தாய்லாந்துப் பழம் பறிப்பவர்களின் ஏற்பாடு 2005 வாக்கில் சிறிய அளவில் தொடங்கியது. பிறகு ஆண்டுக்கு 3,000, 4,000 பேர் வரை வந்தார்கள். பின்லாந்தில் காட்டுப்பழம் யாருக்கும் சொந்தமில்லை. அடுத்தவர் நிலமாக இருந்தாலும் காட்டில் நடக்கலாம், பழம் பறிக்கலாம். பறித்ததை விற்றால் வரியும் கிடையாது. ஒவ்வொருவருக்கும் உள்ள உரிமை என்று இதற்குப் பெயர். அந்த நாட்டின் அழகான வழக்கங்களில் ஒன்று.

இந்த அழகான வழக்கத்தின் மேல்தான் முழு ஏற்பாடும் கட்டப்பட்டது. காட்டுப்பழ நிறுவனம் அழைக்கும். ஆனால் வேலைக்கு எடுப்பதில்லை. வருகிறவர் சுற்றுலா விசா போன்ற, பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான குறுகிய கால ஷெங்கன் விசாவில் வந்து, ‘ஒவ்வொருவருக்கும் உள்ள உரிமை’யில் பழம் பறித்து, நிறுவனத்திடம் ‘விற்கிறார்’. சட்டத்தின் பார்வையில் அவர் ஒரு சிறு வியாபாரி. ஆகவே குறைந்தபட்சக் கூலி இல்லை, வேலை நேர வரம்பு இல்லை, ஓய்வு நாள் இல்லை. விமான டிக்கெட், விசா, தங்குமிடம், சாப்பாடு, வண்டி வாடகை, பெட்ரோல் எல்லாம் அவர் தலையில். ஊரில் விவசாய வங்கியிலோ வட்டிக்காரரிடமோ கடன் வாங்கித்தான் பெரும்பாலோர் கிளம்பினார்கள். வளைகுடா வேலைக்கு ஏஜெண்டிடம் பணம் கட்ட நகையை அடகு வைத்த வீடுகளை அறிந்தவர்களுக்கு இந்த இடம் விளக்காமலே புரியும்.

நாள் எப்படிப் போகும்? விடியற்காலை மூன்று, நான்கு மணிக்கு எழுந்திருக்க வேண்டும். தங்குமிடம் பெரும்பாலும் குழந்தைகள் குறைந்து மூடப்பட்ட கிராமப் பள்ளிக்கூடமாக இருக்கும். வகுப்பறைகளில் கட்டில்கள். சமையல்காரர் ஈசான்காரராகவே இருப்பார். ஒட்டும் சோற்றைக் கட்டி எடுத்துக்கொண்டு ஏழெட்டுப் பேர் ஒரு வேனில் ஏறி, சில நாள் நூறு கிலோமீட்டருக்கு மேல் போவார்கள். காட்டுக்குள் ஆளுக்கு ஒரு திசை. கையில் சீப்பு மாதிரிப் பல் வைத்த முறம் போன்ற கருவி. அதைச் செடிக்கு அடியில் விட்டுத் தூக்கினால் பழமும் இலையும் சேர்ந்து வரும். இலையைச் சலித்துவிட்டு வாளியில் கொட்டுவார்கள். பிறகு இருபது முப்பது கிலோவை முதுகில் ஏற்றிக்கொண்டு சதுப்பையும் பாறையையும் தாண்டிச் சாலை வரை. ராத்திரி முகாமுக்குத் திரும்பி, தராசில் வைத்து, சீட்டில் எடை எழுதி வாங்கிக்கொண்டு படுப்பார்கள். வடக்கில் கோடை வெளிச்சம் வெகுநேரம் இருப்பதால் பன்னிரண்டு, பதினைந்து மணி நேரம்கூட வேலை நீளும்.

அந்தச் சீட்டுக் கணக்கு எப்படி ஓடும் என்று புரிய ஒரு கற்பனைக் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். எண்கள் எளிமைக்காக நான் வைத்துக்கொண்டவை. 70 நாள், நாளுக்குச் சராசரி 50 கிலோ, கிலோவுக்கு ஒன்றரை யூரோ. மொத்தம் 5,250 யூரோ. இதில் முகாமுக்கும் வண்டிக்கும் நாளுக்கு 20 யூரோ வீதம் 1,400 போகும். டிக்கெட், விசா, ஊரில் ஆன செலவு எல்லாம் 1,700 என்று வையுங்கள். மிச்சம் 2,150. நாளுக்கு 12 மணி நேரம் என்றால் 840 மணி நேர உழைப்பு. மணிக்கு இரண்டரை யூரோ. சரி, பழம் குறைந்த வருடம் என்று வைத்து அதே கணக்கில் 50-ஐ 30 கிலோவாக மாற்றிப் பாருங்கள். வரவு 3,150, செலவு 3,100. எழுபது நாள் குனிந்ததற்கு 50 யூரோ. கடன் வட்டி தனி.

மழை பொய்த்தாலோ, பூக்கும் நேரத்தில் பனி விழுந்தாலோ பழம் குறையும். அந்த நஷ்டம் முழுவதும் பறிப்பவருக்கு. பழம் கிடைக்காவிட்டால் நிறுவனம் வாங்காது, அவ்வளவுதான். நல்ல வருடத்தில் வீடு கட்டியவர்கள், டிராக்டர் வாங்கியவர்கள், பிள்ளையைப் படிக்க வைத்தவர்கள் உண்டு. அதனால்தான் திரும்பத் திரும்ப வந்தார்கள். அவர்களை ஏமாளிகள் என்று நினைப்பது பெரிய தவறு. ஆண்டு முழுதும் நெல்லும் மரவள்ளியும் போட்டு எடுக்கும் பணத்தை மூன்று மாதத்தில் எடுக்கும் வாய்ப்பு இருந்தது. ஆனால் அது சீட்டுக்குலுக்கல் மாதிரி. சீட்டு வாங்கிய காசு முன்கூட்டியே போய்விட்டது.

புகார்கள் வரத்தான் செய்தன. 2016 பருவத்தில் வந்த 26 பேர் விஷயத்தில், அவர்களை வரவழைத்த தொழிலதிபர் மனிதக் கடத்தல் குற்றத்துக்காகத் தண்டிக்கப்பட்டார். கைவிலங்கோ பூட்டிய அறையோ இல்லாமலே மனிதக் கடத்தல் நடக்கும் என்பதைப் பின்லாந்து பார்த்தது. கடன், மொழி தெரியாமை, காடு நடுவே முகாம், திரும்பும் டிக்கெட் அடுத்தவர் கையில் என்று நான்கும் சேர்ந்தாலே போதும். 2021-இல் தனிச் சட்டம் வந்தது. ஆட்சேர்ப்புக்குக் கட்டணம் வாங்கக் கூடாது, பறித்ததை யாருக்கு வேண்டுமானாலும் விற்கலாம் என்றெல்லாம் அதில் இருந்தது. படிக்க நன்றாக இருக்கிறது. ஆனால் வேனும் தராசும் குளிர்சாதனக் கிடங்கும் ஒரே நிறுவனத்தின் கையில் இருக்கும்போது, நூறு கிலோ பழத்தைத் தோளில் போட்டுக்கொண்டு காட்டு வழியில் யாரிடம் போய் விற்பது?

2022 இலையுதிர் காலத்தில் போலீஸ் விசாரணை பெரிய அளவில் தொடங்கியது. 2025 ஜனவரியில் லாப்லாந்து மாவட்ட நீதிமன்றம் ஒரு காட்டுப்பழ நிறுவனத்தின் முன்னாள் தலைவருக்கும் தாய்லாந்தைச் சேர்ந்த ஆட்சேர்ப்பு ஒருங்கிணைப்பாளருக்கும் மூன்றரை ஆண்டு சிறைத் தண்டனை விதித்தது. பாதிக்கப்பட்டவர்கள் 62 பேர்.

தோட்டத்தில் அதே குனிவு

இப்போது ஸ்ட்ராபெரித் தோட்டத்துக்கு வருவோம். 2018-இல் பருவகால வேலைச் சட்டம் அமலுக்கு வந்தது. அதன்படி உக்ரைனிலிருந்து வருகிறவருக்கு வேலை ஒப்பந்தம் உண்டு. 2017 ஜூனிலிருந்து உக்ரைனியர்களுக்கு ஷெங்கன் நாடுகளில் விசா தேவையில்லை என்பதால், குறுகிய காலத்துக்குக் குடியேற்ற அலுவலகமான மிக்ரியின் பருவகால வேலைச் சான்றிதழே போதும். விவசாயத் துறைக்கான கூட்டு ஊதிய ஒப்பந்தம் அவருக்கும் பொருந்தும். கிலோ கணக்கில் கூலி பேசினாலும் குறைந்தபட்ச மணிக்கூலிக்குக் கீழே போகக் கூடாது. மழை பெய்து பழம் அழுகினால் நஷ்டம் பண்ணைக்காரருக்கு.

இதை வைத்து உக்ரைனியர்கள் அங்கே சுகமாக இருந்தார்கள் என்று நினைத்துவிட வேண்டாம். கூடாரத்தில், கன்டெய்னரில் தங்க வைத்தது, கூலியில் பிடித்தம், எழுதப்படாத மணி நேரங்கள் என்று புகார்கள் நிறையவே வந்தன. சான்றிதழ் குறிப்பிட்ட பண்ணையின் வேலையை வைத்துத் தரப்படுவதால், முதலாளியிடம் சண்டை போட்டால் அடுத்த ஆண்டு அழைப்பு வராது என்ற பயம் எப்போதும் இருந்தது. ஆனாலும் ஒரு வித்தியாசம் பெரியது. உக்ரைனியருக்கு முறையிட ஒரு சட்டம் இருந்தது: இவ்வளவு மணி, இவ்வளவு கூலி, இவ்வளவு பாக்கி என்று தொழிற்சங்கத்திடமோ வேலைப் பாதுகாப்பு அதிகாரியிடமோ கணக்குக் காட்ட முடிந்தது. தாய்லாந்துக்காரர் கணக்குக் காட்டினால், ‘வியாபாரத்தில் நஷ்டம் வருவது சகஜம்’ என்ற பதிலுக்கு இடம் இருந்தது.

அப்புறம் போர் வந்தது. 2022 மார்ச் 4 அன்று ஐரோப்பிய ஒன்றியம், 2001 முதல் ஒருமுறைகூடப் பயன்படுத்தாமல் வைத்திருந்த தற்காலிகப் பாதுகாப்பு உத்தரவை முதன்முறையாக அமலாக்கியது. பின்லாந்து அதைப் போருக்குச் சற்று முன்பே வந்து திரும்ப முடியாமல் போனவர்களுக்கும் விரித்தது. போன கோடையில் ஒரு பண்ணையின் காகிதத்தோடு கட்டுண்டிருந்த அதே ஆள், இப்போது எந்த முதலாளியிடமும் வேலை செய்யலாம். பிடிக்காவிட்டால் விட்டுவிடலாம். வேலை இல்லாவிட்டால் அகதிகளைத் தங்கவைக்கும் வரவேற்பு மையத்தில் இடமும் சிறு உதவித்தொகையும் உண்டு. மருத்துவம் உண்டு. பிள்ளைக்குப் பள்ளி உண்டு. ஓராண்டுக்குப் பின் கோத்திகுந்தா கிடைத்தால் கெலா எனப்படும் சமூகப் பாதுகாப்பு நிறுவனத்தின் உதவிகளும், பின்லாந்து மொழி வகுப்பும்.

அந்த ஆளின் பண்பாடு மாறவில்லை. படிப்பு கூடவில்லை. உழைப்பும் அதேதான். காகிதம் மாறியது. இந்த ஒப்பீட்டில் எனக்கு மிக முக்கியமாகப் படும் சான்று இதுவே. ஒரே நாட்டவர், ஒரே தோட்டம், முன்பும் பின்பும்.

உரிமை உண்டு, நாளை இல்லை

உக்ரைனியர்களுக்கு எல்லாம் கிடைத்துவிட்டதா? அங்கேதான் இந்தக் கதையின் இன்னொரு பக்கம் திறக்கிறது. தற்காலிகப் பாதுகாப்பு பெயரிலேயே தற்காலிகம். ஓராண்டு, மறுபடி ஓராண்டு என்று நீட்டி, இப்போது 2027 மார்ச் 4 வரை வந்திருக்கிறது. பின்லாந்தில் நிரந்தர வதிவிடத்துக்கான ஆண்டுக் கணக்கு ‘ஏ’ வகை அனுமதியில்தான் ஓடும். தற்காலிகப் பாதுகாப்பு ‘பி’ வகை. நான்கு வருடம் வரி கட்டி வேலை பார்த்தாலும் அந்தக் கடிகாரம் நகராமல் நிற்கலாம். வேறு வேலை அனுமதிக்கு மாறலாம் என்றால், அதற்குக் குறிப்பிட்ட வருமானமும் கட்டணமும் வேண்டும். பகுதிநேரத் துப்புரவு வேலையில் இருக்கும் தாய்க்கு அது எட்டாது.

வந்தவர்களில் பலர் உயர்கல்வி பெற்றவர்கள். கார்கிவில் கணக்காளராக இருந்தவர், மரியுபோலில் செவிலியாக இருந்தவர் என்று வரும் இந்தப் பெண்கள் ஹோட்டல் அறை சுத்தம் செய்வதும் தொழிற்சாலையில் பேக்கிங் செய்வதும் சாதாரணக் காட்சி. செவிலியர் வேலைக்குத் திரும்ப வேண்டுமென்றால் பின்லாந்து மொழித் தேர்வு, தகுதி அங்கீகாரம், கூடுதல் படிப்பு எல்லாம் முடிக்க ஆண்டுகள் ஆகும். அவ்வளவு காலம் இங்கேதான் இருப்போமா என்று தெரியாதவர் அந்தப் படிப்பைத் தொடங்குவாரா?

பிள்ளைகளிடம் இது இன்னும் கூர்மையாகத் தெரியும். காலையில் பின்லாந்துப் பள்ளியின் ஆயத்த வகுப்பில் உட்கார்ந்து ‘மினா ஓலென்’ (நான் இருக்கிறேன்) என்று சொல்லிப் பழகுவது, மாலையில் மடிக்கணினியில் உக்ரைன் பள்ளியின் ஆன்லைன் பாடம். இரண்டு பாடத்திட்டம், இரண்டு வீட்டுப்பாடம். ஊருக்குத் திரும்பினால் வகுப்பு விட்டுப்போகக் கூடாது, திரும்பாவிட்டால் இங்கே பின்தங்கக் கூடாது. பதிமூன்று வயதுக் குழந்தையின் தோளில் ஏற்றப்படும் இந்தச் சுமையை எந்த வருமான அட்டவணையும் காட்டாது.

மணமாகி வந்தவர்கள்

தாய்லாந்துப் பெண்களின் நிலை இதற்கு நேர்மாறான அமைப்பு. குடும்ப அனுமதியில் வந்தவர்களுக்குப் பொதுவாக ‘ஏ’ வகை. ஆரம்பத்திலிருந்தே நிரந்தரத்துக்கான கணக்கு ஓடும். கெலா உண்டு, வேலை உரிமை உண்டு, மொழி வகுப்புக்கும் வழி உண்டு. காகிதப்படி பார்த்தால் நால்வரில் இவர்களே மிகப் பாதுகாப்பானவர்கள்.

ஆனால் அந்தக் காகிதம் ஒரு மனிதரின் பெயரோடு கட்டப்பட்டது. முதல் ஆண்டுகளில் மணமுறிவு ஏற்பட்டால் தங்கும் உரிமையே கேள்விக்குள்ளாகும். கணவர் வன்முறையாளர் என்று நிரூபித்தால் அனுமதியைத் தொடர சட்டத்தில் வழி இருக்கிறது. அதை நிரூபிக்க அலுவலகத்தின் மொழி தெரிய வேண்டும், போக வேண்டிய கதவு எது என்று தெரிய வேண்டும். சிறு ஊரில், பக்கத்து வீடு ஒரு கிலோமீட்டர் தள்ளி, பேருந்து நாளுக்கு இரண்டு தடவை, கார் ஓட்டத் தெரியாது என்ற நிலையில் வசிக்கும் பெண்ணுக்கு மொழி வகுப்பு காகிதத்தில் மட்டும் இருக்கும் உரிமை. வீட்டில் கடிதம் வந்தால் படிப்பதும், டாக்டரிடம் பேசுவதும், வங்கிக் கணக்கைப் பார்ப்பதும் கணவர். நல்ல மனிதராக இருந்தால் அது அன்பு. இல்லாவிட்டால் அதுவே பூட்டு.

வேலை என்று வந்தால் துப்புரவு, சமையலறை, மசாஜ் நிலையம் ஆகிய மூன்றில்தான் பெரும்பாலும். தாய்லாந்து மசாஜ் நிலையம் பல பெண்களுக்குச் சொந்தக் காலில் நிற்கும் வழியாக இருந்திருக்கிறது. சொந்தக்காரரும் தாய்லாந்துக்காரர், வேலை செய்பவரும் தாய்லாந்துக்காரர், ஊர் மொழி, ஊர்ச் சாப்பாடு. ஆனால் அங்கேயும் பலரைத் ‘தனித் தொழில் செய்பவர்’ என்று எழுதி நாற்காலி வாடகை வாங்கும் முறை உண்டு. வாடிக்கையாளர் வராத நாளின் நஷ்டம் அவருக்கு. காட்டில் பார்த்த அதே ஏற்பாடு, இங்கே கூரைக்கு அடியில்.

சமூகம் இவர்களைப் பார்க்கும் பார்வை இன்னொரு சுமை. உக்ரைனியப் பெண் பேருந்தில் ஏறினால் 2022-இல் கிடைத்தது கனிவு. பின்லாந்துக்காரர்களுக்கு சோவியத் ஒன்றியத்தோடு நடந்த 1939-40 குளிர்காலப் போர் இன்னும் வீட்டுக்கு வீடு நினைவில் இருக்கிறது. அதே கிழக்கு அண்டை நாடு, அதே குண்டு. தாத்தாவின் கதையை உக்ரைனியரின் முகத்தில் பார்த்தார்கள். வீடு திறந்து விட்டார்கள். ரஷ்ய மொழி பேசத் தெரிந்த உக்ரைனியருக்கு மொழிபெயர்ப்பாளர் கிடைப்பதும் எளிது. பின்லாந்தில் தாய்மொழியாகப் பேசப்படும் வெளிநாட்டு மொழிகளில் ரஷ்ய மொழிக்கே முதலிடம். தாய்லாந்துப் பெண் அதே பேருந்தில் ஏறினால், ‘காசு கொடுத்துக் கூட்டி வந்தவளோ’ என்ற பார்வையையும் மசாஜ் என்றால் வேறு அர்த்தத்தில் வரும் சிரிப்பையும் தாங்க வேண்டியிருக்கிறது. இருபது வருடம் அங்கேயே உழைத்து, பிள்ளையை வளர்த்து, பின்லாந்து மொழி பேசுகிறவருக்கும் இதே பார்வைதான் கிடைக்கிறது. இது எனக்கு மிகவும் கசப்பாக இருக்கிறது. நலம் என்பதில் மரியாதையைச் சேர்க்காவிட்டால் என்ன நலம் அது?

ஊரில் விட்டுவந்த பிள்ளைகள் என்ற விஷயமும் உண்டு. முதல் மணத்தின் குழந்தையைப் பாட்டியிடம் விட்டுவிட்டு வந்து, இடம் நிலைத்த பிறகு அழைத்துக்கொள்கிறார்கள். பதினான்கு வயதில் வந்திறங்கும் அந்தப் பிள்ளைக்கு அம்மாவும் புதிது, மொழியும் புதிது. அடிப்படைப் பள்ளிப் படிப்பு முடிய இரண்டு மூன்று வருடமே பாக்கி. உக்ரைனியக் குழந்தைகள் ஒரே நேரத்தில் பெருங்கூட்டமாக வந்ததால் அவர்களுக்கென்று வகுப்புகள் உடனே திறந்தன. ஒவ்வொருவராக வந்த இந்தப் பிள்ளைகள் யார் கண்ணிலும் அப்படிப் படவில்லை.

காட்டில் காகிதம் மாறியபோது

2024 பருவத்திலிருந்து பின்லாந்து, தாய்லாந்துப் பழம் பறிப்பவர்களுக்குப் பழைய முறையில் விசா கொடுப்பதை நிறுத்தியது. வர வேண்டுமானால் வேலை ஒப்பந்தத்தோடு, பருவகாலத் தொழிலாளராக வர வேண்டும். அதாவது, ஸ்ட்ராபெரித் தோட்டத்து உக்ரைனியருக்கு ஏற்கெனவே இருந்த அதே காகிதம்.

விளைவு இரண்டு விதமாக இருந்தது. வந்தவர்களுக்கு மணிக்கூலி, வேலை நேரம், ஓய்வு எல்லாம் சட்டமாயின. ஆனால் வந்தவர்களின் எண்ணிக்கை வெகுவாகக் குறைந்தது. நிறுவனங்கள் இந்தக் கூலியில் கட்டுப்படியாகாது என்றன. அந்தப் பேச்சை நான் கவனத்தோடு கேட்கிறேன். உண்மையான கூலி கொடுத்தால் ஓடாத தொழில் என்றால், இருபது வருடமாக அதை ஓட வைத்தது யாருடைய பணம் என்று அதுவே காட்டிவிடுகிறது. சையாபூமில் கடன் வாங்கியவரின் பணம்தான்.

இன்னொரு பக்கம், அழைப்பு வராமல் போன கிராமங்களில் அந்த வருடத்து வருமானம் நின்றது. முந்தின வருடத்துக் கடன் நிற்கவில்லை. சுரண்டலை நிறுத்தும்போது, சுரண்டப்பட்டவரின் பிழைப்பும் சேர்ந்து நின்றுவிடாமல் பார்க்கும் பொறுப்பு யாருக்காவது இருந்திருக்க வேண்டும். குறைந்தபட்சம் பழைய கடனுக்கு ஒரு கால அவகாசம், பாக்கிக் கூலியை ஊரிலிருந்தே கேட்டு வாங்க ஒரு வழி. பாதிக்கப்பட்டவராக அங்கீகாரம் பெற்றவர்களுக்குப் பின்லாந்தின் மனிதக் கடத்தல் உதவி அமைப்பு தங்குமிடமும் வழக்கறிஞர் உதவியும் தருகிறது. யோவுட்சேனோ வரவேற்பு மையம் நடத்தும் அமைப்பு அது. ஆனால் அது பின்லாந்துக்குள் இருப்பவர்களுக்கு. விமானம் ஏறிப் போய்விட்டவரின் கதவை அது தட்டுவது கடினம்.

சரி, நான்கு பேரையும் இப்போது பக்கத்தில் நிறுத்திப் பாருங்கள். கையில் மிஞ்சும் பணத்தை மட்டும் அளந்தால், நல்ல வருடத்தில் காட்டுக்குப் போனவர் உதவித்தொகையில் இருக்கும் உக்ரைனியத் தாயை விட மேலே தெரிவார். உடம்புக்கு முடியாத நாளை அளந்தால் அவர் எல்லோருக்கும் கீழே. பத்து வருடம் கழித்து எங்கே இருப்போம் என்ற தெளிவை அளந்தால் மணமாகி வந்த பெண் மேலே, அகதியாக வந்த செவிலி கீழே. தனியாக ஒரு அலுவலகத்துக்குப் போய்த் தன் காரியத்தைத் தானே முடிக்கும் திறனை அளந்தால் வரிசை மறுபடி புரளும். நாட்டின் பெயரை வைத்து வரைபடத்தில் இரண்டு கம்பங்கள் வரைந்தால் இதில் ஒன்றுமே தெரியாது.

இதே ஒப்பீட்டை இனி யாராவது செய்தால், நாட்டுப் பெயருக்கு முன்னால் அனுமதியின் வகையை வைத்துப் பிரிக்கச் சொல்வேன். பதிவேட்டில் வராதவர்களைத் தேடிப் போகச் சொல்வேன், தேவைப்பட்டால் சையாபூம் வரைக்கும். முன்கூட்டியே பட்ட கடனை வருமானத்திலிருந்து கழிக்கச் சொல்வேன்.

2027 மார்ச் 4 நெருங்கிக்கொண்டிருக்கிறது. அதன் பிறகு என்ன ஏற்பாடு என்று முடிவாகும்போது, சுவோனென்யோக்கி பக்கத்தில் ஒரு தோட்டத்தில் இப்போது மேற்பார்வையாளராக உயர்ந்திருக்கும் ஒருவர், மறுபடி பருவகாலச் சான்றிதழுக்கு வரிசையில் நிற்க வேண்டியிருக்குமா, அவருடைய மகள் எந்தப் பள்ளியின் வீட்டுப்பாடத்தை முதலில் எடுக்க வேண்டும் என்பதெல்லாம் அந்த முடிவில் இருக்கிறது.